இவோ ஜீமாத் தீவின் கடிதங்கள்: யப்பானியப் போர்வீரர் நோக்கில் ஒரு யுத்தம்

இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில், 1945 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆந் திகதி தொடக்கம் மார்ச் 26 ஆந் திகதி வரை, பசுபிக் சமுத்திரத்திலுள்ள இவோ ஜீமா என்னும் சிறு தீவில் ஐக்கிய அமெரிக்கப் படைகளுக்கும் யப்பானியப் படைகளுக்குமிடையே நடைபெற்ற சமர், அவ்யுத்தத்தின் மிகக் கொடிய சமர்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. இச்சமர் நிகழ்ந்து அறுபத்தோராண்டுகள் கழிந்தபின், 2006 இல், அமெரிக்க நெறியாளரான கிளின்ற் ஈஸ்ற்வூட் அதனைப் பொருளாகக் கொண்டு இரு திரைப்படங்களை அடுத்தடுத்து வெளியிட்டார். ‘எமது தந்தையரின் கொடிகள்’ என்ற பொருள்படும் முதலாவது படம் அமெரிக்கப் படையினரின் நோக்கில் அமைந்தது. ‘இவோ ஜீமாவிலிருந்து கடிதங்கள்’ என்ற பொருள்படும் இரண்டாவது படமோ அதே சமரை யப்பானியப் போர்வீரரின் நோக்கில் எடுத்துரைத்தது. யப்பானிய நடிகரைக் கொண்டு, ஏறத்தாழ முழுவதும் யப்பானிய மொழியிலேயே தயாரிக்கப்பட்ட அமெரிக்கப் படம் இது.

யுத்தத்தில் வென்ற நாட்டைச் சேர்ந்த ஒரு கலைஞர், தோற்ற நாட்டின் போர்வீரரை அவர்தம் மொழியிலேயே பேசவிட்டு, அவர்தம் துயரைத் தம்நாட்டு மக்கள் முன் வைத்தமை சாதாரணமான ஒரு செயலன்று. எனினும் இத்தகைய முயற்சி ஒரு வினாவையும் உடன் எழுப்புகின்றது. பகைவனை மனிதனாகக் காட்டுவது, அவன் யாருக்காகப் போரிட்டானோ அந்த அரசு இழைத்த குற்றங்களை மறைப்பதாகுமா? அக்குற்றங்களை மறவாதிருப்பதற்காக அவனை மனிதனாகக் காண மறுப்பது நீதியாகுமா? இவ்வினாக்களை மனங்கொண்டு, இவோ ஜீமாச் சமரின் வரலாற்றையும் அதனைக் காட்டிய திரைப்படத்தையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவும் அதன் முக்கியத்துவமும்

இவோ ஜீமா என்னும் பெயர் ‘கந்தகத் தீவு’ எனப் பொருள்படும். ரோக்கியோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் தொலைவில், ஒகசவாராத் தீவுகளுக்கு அப்பால் அமைந்துள்ள இவ்வெரிமலைத் தீவின் அக்காலப் பரப்பளவு ஏறத்தாழ 21 சதுரக் கிலோமீற்றரே. அதன் தென்கோடியில் 169 மீற்றர் உயரமான சுரிபாச்சி மலை எழுந்து நிற்கின்றது. யப்பானியர் தம் சமையலறையில் எள் முதலியவற்றை அரைக்கப் பயன்படுத்தும் மட்கலத்தின் பெயரே இம்மலைக்கு இடப்பட்டது. ஆறோ ஊற்றோ இல்லாத இத்தீவில் மழைநீரைச் சேகரித்தே மக்கள் வாழ்ந்தனர். யுத்தத்துக்கு முன்னர் ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்கு குடியிருந்து கரும்புச் செய்கை, கந்தக அகழ்வு முதலிய தொழில்களில் ஈடுபட்டிருந்தனர்.

இத்தகைய வறண்ட நிலத்துண்டுக்காக இரு பேரரசுகள் மோதிக்கொண்டமைக்குக் காரணம் அதன் அமைவிடமேயாம். 1944 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மரியானாத் தீவுகளுள் ஒன்றான சைபான் அமெரிக்கரிடம் வீழ்ந்தது. அதன் பயனாக, பி-29 எனப்படும் நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்கள் யப்பானியத் தாயகத்தை நேரே தாக்கும் வாய்ப்பு உண்டாயிற்று. மரியானாத் தீவுகளுக்கும் ரோக்கியோவுக்கும் இடையே ஏறத்தாழ நடுவழியில் அமைந்தது இவோ ஜீமா. அங்கிருந்த யப்பானியர் விமானங்களின் வருகையை முன்கூட்டியே தாயகத்துக்கு அறிவிக்கக் கூடியவராயிருந்தனர். அமெரிக்கர் அத்தீவைக் கைப்பற்றின் அதன் விமானத்தளங்கள் சேதமுற்ற குண்டுவீச்சு விமானங்கள் இறங்கவும், துணைப்போகும் போர்விமானங்கள் புறப்படவும் உதவும். சமரின் பின்னர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் பி-29 விமானங்கள் அங்கு இறங்கின. ஆயினும், அவ்விறக்கங்கள் அனைத்தும் தவிர்க்கவியலாதவையா, அதற்காகக் கொடுக்கப்பட்ட விலை தகுமா என்பன பற்றி அமெரிக்க வரலாற்றாசிரியரிடையே இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகின்றது.

குரிபயாசியும் அவர்தம் ஆயத்தமும்

இத்தீவின் பாதுகாப்புக்கெனக் 1944 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அனுப்பப்பட்டவர் லெப்டினன்ற் ஜெனரல் குரிபயாசி தடமிச்சி ஆவார். 1891 இல் நகானோ மாநிலத்திற் பிறந்த இவர், 1928 தொடக்கம் 1930 வரை ஐக்கிய அமெரிக்காவில் தங்கியிருந்து அந்நாட்டைப் பற்றிக் கற்றவர். பின்னர் கனடாவிலும் இராணுவப் பிரதிநிதியாகப் பணியாற்றியவர். அமெரிக்காவின் கைத்தொழில் வளத்தையும் மக்களின் ஊக்கத்தையும் நேரிற் கண்டறிந்தவராகையால், யப்பான் இறுதிவரை போரிடக்கூடாத நாடு அமெரிக்காவே என்னுங் கருத்து அவருக்கிருந்தது. அவ்வாறு கருதியவரே அந்நாட்டுக்கெதிரான மிகக் கடுமையான சமர்களுள் ஒன்றை நடத்த வேண்டியவரானமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

பசுபிக் தீவுகளில் அதுகாலவரை யப்பானியர் பெரும்பாலும் கையாண்ட முறை, எதிரியைக் கடற்கரையிலேயே எதிர்த்து நின்று, தோல்வி நெருங்குங்கால் ஒரேயடியாகப் பாய்ந்து மடிவதாகும். இதனால் போர்வீரர் விரைவில் அழிந்தனரேயன்றி எதிரியின் முன்னேற்றம் தடைப்படவில்லை. குரிபயாசி இம்முறையைக் கைவிட்டார். பெலெலியுத் தீவில் 1944 செப்டெம்பரிலிருந்து பின்பற்றப்பட்டதைப் போன்று, நிலத்தினுட் புகுந்து நீண்டகாலம் தாக்குப்பிடிப்பதே அவரது திட்டமாயிற்று. கடற்கரைப் பாதுகாப்பை வலியுறுத்திய கடற்படை அதிகாரிகளும், பழைய முறையிற் பற்றுக்கொண்ட சில தரைப்படை அதிகாரிகளும் இதனை எதிர்த்தனர். எதிர்ப்பைப் பொருட்படுத்தாது அவர் குகைகளையும் நிலவறைகளையும் இணைக்கும் சுரங்க வழிகளை வெட்டுவித்தார். 28 கிலோமீற்றர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட இவ்வழிகளுள் ஏறத்தாழ 18 கிலோமீற்றர் சமர் தொடங்குமுன் நிறைவெய்தின. நிலத்தினடியிலிருந்து எழுந்த வெப்பமும் கந்தக ஆவியும் இவ்வேலையைப் பெருந்துன்பமாக்கின. சிலவிடங்களில் வெப்பநிலை 60 பாகை செல்சியசை அண்மித்தமையால் ஒருவர் தொடர்ந்து சில நிமிடங்களுக்குமேல் மண்வெட்ட இயலாதிருந்தது. குடிநீரோ அளந்தே கொடுக்கப்பட்டது. தளபதியாகிய தாமும் சாதாரண வீரரின் உணவையே உண்பதென அவர் விதித்துக்கொண்டார். தீவிலிருந்த குடிமக்களை 1944 யூலையில் தாயகத்துக்கு அனுப்பிவைத்தார். ஆயினும் அவர்களுள் வேலைசெய்யத்தக்க ஆடவர் நூற்றுவரளவில் படைப்பணிக்கெனத் தடுத்து வைக்கப்பட்டனர்.

1945 பெப்ரவரி 19 இல் அமெரிக்க மரீன் படையினர் கரையிறங்கினர். சில நாட்களுக்குள் முடிவுறுமென எதிர்பார்க்கப்பட்ட சமர் முப்பத்தாறு நாட்கள் நீடித்தது. பெப்ரவரி 23 இல் சுரிபாச்சி மலையுச்சியிற் கொடி நாட்டப்பட்ட காட்சியை யோ றோசென்தால் எடுத்த புகைப்படம் உலகெங்கும் பரவி வெற்றியின் சின்னமாயிற்று. ஆனால் அப்படம் எடுக்கப்பட்டபின் மேலும் ஒரு மாதம் போர் தொடர்ந்தது. அமெரிக்கர் பக்கத்தில் ஏறத்தாழ 6,800 பேர் மாண்டனர். மாண்டவரும் காயமுற்றவருமாக அமெரிக்க இழப்பு 26,000 பேரை விஞ்சியது. யப்பானியப் படையினர் ஏறத்தாழ 21,000 பேருள், சமரின்போதும் அதனையடுத்து வந்த மாதங்களிலும் உயிருடன் பிடிபட்டோர் ஏறக்குறைய ஆயிரம் பேரே. குகைகளில் ஒளிந்திருந்தோருள் இறுதி இருவர் 1949 சனவரியிலேயே வெளிப்பட்டுச் சரணடைந்தனர்.

இவ்வளவு பெருந்தொகையினர் சரணடையாது மடிந்தமைக்கு யப்பானியரின் இயல்பான மனவுறுதியே காரணமென்று கூறி அமைவது போதாது. இது அரசினாற் கட்டியெழுப்பப்பட்ட ஒரு மனநிலையாகும். 1882 இல் மெய்ஜிச் சக்கரவர்த்தியின் பெயரால் வெளியிடப்பட்ட படையினருக்கான ஆணை, கடமையின் முன் உயிர் அற்பமானதெனப் போதித்தது. 1941 சனவரியில், தோஜோ யுத்த அமைச்சராயிருந்தபோது வெளிவந்த போர்க்கள ஒழுக்கக் கோவை, உயிருடன் சிறைப்படுதல் அவமானம் என்பதை வெளிப்படையாக வலியுறுத்தியது. சிறைப்பட்டவனின் குடும்பத்தையும் ஊரார் பழித்தனர். எனவே போர்க்களத்தில் நின்றவனுக்கு முன்னே எதிரியின் துப்பாக்கியும், பின்னே தன் நாட்டின் பழியும் காத்திருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

தளபதியின் கடிதங்கள்

குரிபயாசியின் வரலாற்றை ஏனைய தளபதியரின் வரலாற்றினின்றும் வேறுபடுத்துவன அவர் எழுதிய கடிதங்களாம். அமெரிக்காவிலிருந்த காலத்தில், எழுத்து வாசிக்கப் பழகாத தம் சிறு மகனுக்கு அவர் சித்திரங்கள் வரைந்த கடிதங்களை அனுப்பினார். தாம் கண்ட வீதிகள், மோட்டார் வண்டிகள், அயல்வீட்டுச் சிறுவர்கள் முதலிய காட்சிகள் அவற்றில் இடம்பெற்றன. இக்கடிதங்கள் பிற்காலத்தில் நூலுருப் பெற்றன. ஈஸ்ற்வூட்டின் படத்துக்கு மூலமாக அமைந்தவற்றுள் அந்நூல் முதன்மையானது.

இவோ ஜீமாவிலிருந்தும் அவர் தம் குடும்பத்துக்கு நாற்பதளவான கடிதங்களை எழுதினார். தாம் மீளமாட்டார் என்பதை அவற்றில் மறைக்கவில்லை. அதேவேளை வீட்டுச் சமையலறையின் நிலப்பலகை இடுக்குகளால் குளிர்காற்று புகுவதைத் தாம் புறப்படுமுன் சரிசெய்யாது விட்டமை பற்றிக் கவலைப்பட்டார். தீவில் தாம் வளர்த்த கோழிக்குஞ்சுகள் பற்றி இளைய மகளுக்கு எழுதினார். ரோக்கியோ மீது குண்டு வீழ்வதற்குமுன் நகரை விட்டு நீங்குமாறு மனைவியை மீண்டும் மீண்டும் வேண்டினார். பல்லாயிரவரை மரணத்துக்கு வழிநடத்திய ஒரு தளபதியின் மனத்தில் ஒரு சமையலறை இடுக்கும் இடம்பெற்றிருந்ததென்பதை அறியும்போது, யுத்தத்தின் பொருள் நமக்கு வேறுவிதமாகத் தோன்றுகின்றது.

இக்கடிதங்கள் அவரது போர்முறையின் உள்நோக்கத்தையும் விளக்கவல்லன. தீவை இறுதிவரை காக்கவியலாதென்பதை அவர் உணர்ந்திருந்தார். ஒவ்வொரு நாளும் எதிரியை அங்கு தடுத்து வைப்பதனால் தாயகத்தின் மீதான தாக்குதல் ஒரு நாளேனும் தாமதிக்கும் என்பதும், பேரிழப்பைக் கண்ட அமெரிக்க மக்கள் போரைத் தொடர மனங்கொள்ளார் என்பதுமே அவரது எதிர்பார்ப்பாயிருந்தன. நடந்தது வேறு. சமர் நடந்துகொண்டிருக்கும்போதே, மார்ச் 9 - 10 இரவில், மரியானாத் தீவுகளிலிருந்து சென்ற பி-29 விமானங்கள் ரோக்கியோவை எரியூட்டின. அவ்வொரு இரவில் ஏறத்தாழ 100,000 பேர் இறந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. மேலும், யப்பானியத் தாயகத்தின்மீது படையெடுப்பது பற்றி 1945 யூனில் சனாதிபதி ட்ரூமன் நடத்திய ஆலோசனையின்போது, இவோ ஜீமாவிலும் ஒகினாவாவிலும் ஏற்பட்ட இழப்புக்கள் எடுத்துக்காட்டப்பட்டன. படையெடுப்பின் விலை பற்றிய அச்சமே பின்னர் அணுகுண்டுப் பிரயோகத்தை நியாயப்படுத்துவோரின் முக்கிய வாதமுமாயிற்று. குடும்பத்தைக் காக்கவென ஒருவர் மேற்கொண்ட உறுதியான எதிர்ப்பே, எதிரியின் கையில் அக்குடும்பங்களை அழிப்பதற்கான நியாயமாக மாறியமை இச்சமரின் பெருந்துயர் எனலாம்.

திரைப்படம் காட்டும் மனிதர்

போர்த் திரைப்படங்களில் எதிரி பெரும்பாலும் முகமற்றவனாகவே காட்டப்படுவான். 1949 இல் யோன் வெயின் நடித்து வெளிவந்த இவோ ஜீமா பற்றிய அமெரிக்கப் படத்தில் யப்பானியர் குகைகளில் மறைந்திருந்து சுடும் உருவங்களாகவேயன்றி, பெயரும் வாழ்வும் உடைய மனிதராக இடம்பெறவில்லை. மறுதலையாக, 1930 இல் லூயிஸ் மைல்ஸ்ரோன் நெறியாண்ட ‘மேற்கு முனையில் யாவும் அமைதி’ என்ற பொருள்படும் அமெரிக்கப் படம் முதலாம் உலக யுத்தத்து யேர்மானியப் போர்வீரரின் நோக்கிலேயே அமைந்தது. ஈஸ்ற்வூட்டின் படம் இவ்விரண்டாவது மரபைச் சார்ந்தது. யப்பானிய வம்சாவளியினரான அமெரிக்க எழுத்தாளர் ஐரிஸ் யமாஷிதா இதன் திரைக்கதையை எழுதினார்.

படத்தில் குரிபயாசியாக நடித்தவர் கென் வத்தனாபே. ஆயினும் கதையின் கண்ணாக அமைபவன் தளபதியல்லன். சைகோ என்னும் கற்பனைப் பாத்திரமான சாதாரண சிப்பாயே ஆவான். பேக்கரி நடத்திப் பாண் சுட்டு வாழ்ந்தவன் அவன். இராணுவப் பொலிசார் முதலில் அவனது உணவுப் பொருள்களையும், பின்னர் யுத்தத் தேவைக்கென உலோகக் கருவிகளையும் எடுத்துச் சென்றுவிடுகின்றனர். எடுத்துச் செல்வதற்கு எஞ்சியிருந்தவன் அவனே. படையிற் சேருமாறு அழைக்கும் ஆணையை அயலிலுள்ள பெண்கள் சங்கத்தினர் கொண்டுவந்து கொடுத்து வாழ்த்துக் கூறுங் காட்சி குறிப்பிடத்தக்கது. கருவுற்றிருந்த மனைவி அழ, வந்தவர்கள் தாமும் கணவரையும் மக்களையும் நாட்டுக்குக் கொடுத்தோமெனக் கூறி அவ்வழுகையைக் கடிகின்றனர். அரசின் ஆணை அயலாரின் வாய்வழியே வீட்டினுள் நுழையும் விதத்தை இக்காட்சி தெளிவுறுத்துகின்றது.

மற்றொரு பாத்திரமாகிய சிமிசு, கெம்பெய்த்தாய் எனப்பட்ட இராணுவப் பொலிசுப் படையிலிருந்து வந்தவன். அவன் தங்களை உளவு பார்க்க அனுப்பப்பட்டவனென ஏனையோர் ஐயுறுகின்றனர். உண்மையில், ஒரு குடும்பத்தின் நாயைச் சுட்டுக்கொல்லுமாறு மேலதிகாரி இட்ட ஆணையை நிறைவேற்றாது விட்டமைக்காக அப்படையினின்றும் நீக்கப்பட்டவன் அவன். ஒரு நாயின் உயிரைக் காக்க முயன்றவன் மரணத் தீவுக்கு அனுப்பப்படும் இக்கதைக்கூறு, அவ்வாட்சியின் இயல்பை நீண்ட விளக்கமின்றியே உணர்த்திவிடுகின்றது.

1932 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விழாவில் குதிரையேற்றப் போட்டியிற் தங்கப் பதக்கம் பெற்ற நிசி தகெயிச்சி, வரலாற்றில் உண்மையாகவே இவோ ஜீமாவில் கவசவாகனப் படைப்பிரிவொன்றின் தலைவராயிருந்து மடிந்தவர். படத்தில் இவர், காயமுற்றுப் பிடிபட்ட அமெரிக்க இளைஞன் ஒருவனுக்குச் சிகிச்சை அளிக்கச் செய்கின்றார். அவன் இறந்தபின், அவனிடமிருந்த தாயின் கடிதத்தை யப்பானிய மொழியில் மற்றையோருக்கு வாசித்துக் காட்டுகின்றார். வீட்டு நாய்களைப் பற்றியும், மகன் பாதுகாப்பாக மீளவேண்டுமென்ற வேண்டுதல் பற்றியும் எழுதப்பட்ட எளிய கடிதம் அது. எதிரி கோழையென்றும் கொடியவனென்றும் தனக்குக் கற்பிக்கப்பட்டதென்றும், அக்கடிதத்தின் சொற்களோ தன் தாயின் சொற்களை ஒத்தன என்றும் சிமிசு பின்னர் சைகோவிடம் கூறுகின்றான். படத்தின் பெயர் குறிப்பிடும் கடிதங்கள் ஒரு பக்கத்தாருடையன மட்டுமல்ல என்பது இங்கு புலனாகின்றது.

ஆயினும் நெறியாளர் இரு பக்கத்தினரையும் நல்லோராக மாத்திரம் காட்டி அமையவில்லை. பிடிபட்ட அமெரிக்கன் ஒருவனை யப்பானியர் துப்பாக்கி முனை ஈட்டியாற் குத்திக் கொல்லும் காட்சி படத்தில் உண்டு. அதேபோன்று, சரணடைந்த சிமிசுவையும் மற்றொருவனையும் காவலுக்கு விடப்பட்ட அமெரிக்கர், காத்திருப்பது தமக்குத் தொல்லையெனக் கருதிச் சுட்டுவிடுங் காட்சியும் உண்டு. சுரிபாச்சி மலைக் குகையில் வீரர்கள் கைக்குண்டை நெஞ்சோடு அணைத்துத் தம்மை அழித்துக்கொள்ளுங் காட்சியில் வீரத்தின் பெருமிதம் எதுவுமில்லை. அச்சமும் அழுகையும் நடுங்குங் கைகளுமே அங்குள்ளன. சாவைப் புகழ்ந்த கொள்கைக்கு இதனினும் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை.

இத்தகைய நோக்கு யப்பானியருக்குப் புதிதன்று. இச்சிகாவா கொன் 1956 இல் வெளியிட்ட ‘பர்மிய யாழ்’, 1959 இல் வெளியிட்ட ‘சமவெளித் தீ’ ஆகிய படங்களும், கொபயாசி மசாக்கி 1959 தொடக்கம் 1961 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்ட, ஒன்பது மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட ‘மனித நிலை’ என்னும் படமும் தம்நாட்டுப் படையின் கொடுமையையும் சாதாரண சிப்பாயின் அவலத்தையும் முன்னரே காட்டியிருந்தன. ‘சமவெளித் தீ’யின் மூலநாவலை எழுதிய ஓஒக்கா சோஹெய் பிலிப்பைன்சில் அமெரிக்கரிடம் போர்க்கைதியானவர். கொபயாசி தாமும் மஞ்சூரியாவிற் படைவீரராயிருந்தவர். எனவே ஈஸ்ற்வூட்டின் படத்தின் தனிச்சிறப்பு யப்பானியச் சிப்பாயின் துயரைக் கண்டறிந்தமையன்று. வென்றவர் பக்கத்திலிருந்து அதனைக் கேட்க முன்வந்தமையே எனல் பொருந்தும்.

படம் காட்டாதவை

இப்படத்தைப் பாராட்டுமிடத்து அதன் எல்லைகளையும் சுட்டுதல் கடனாகும். முதலாவதாக, குடிமக்கள் அகற்றப்பட்ட ஒரு தீவே இதன் களம். அங்கு சிப்பாய்கள் சிப்பாய்களுடனேயே மோதுகின்றனர். எனவே யப்பானியப் படை வேறிடங்களில் நிராயுதபாணிகளான மக்களுக்கு இழைத்தவை இயல்பாகவே காட்சிக்கு அப்பாற் போய்விடுகின்றன. 1937 இல் நாஞ்சிங்கில் நிகழ்ந்த படுகொலைகளும், சீனாவில் ஆண்டுக்கணக்காக நீடித்த அழிவும் இப்படத்தில் இல்லை. 1941 டிசெம்பரில் ஹொங்கொங் கைப்பற்றப்பட்டபோது அப்படையெடுப்பை நடத்திய இருபத்துமூன்றாம் படையின் பிரதம அலுவலராயிருந்தவர் குரிபயாசியே. அப்படையினர் அங்கு சரணடைந்தோரையும் வைத்தியசாலையிற் கிடந்த காயமுற்றோரையும் கொன்றமை வரலாற்றிற் பதிவானதாகும். கனிவான தந்தையாக அவரைக் காட்டும் படம் இவ்வத்தியாயத்தைத் தொடவில்லை.

இரண்டாவதாக, இவோ ஜீமாவிலேயே யப்பானியப் பக்கத்தில் நின்ற யாவரும் யப்பானியரல்லர். குடியேற்ற நாடாகிய கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரும் அங்கு உழைத்து மடிந்தனர். தமக்குரியதல்லாத ஒரு சக்கரவர்த்திக்காக இறந்த அவர்களின் கடிதங்கள் படத்திற் கேட்கவில்லை.

யப்பானியப் படையெடுப்பின் நினைவு ஆசிய மக்கள் பலருக்கும் உண்டு. 1942 - 1943 இல் சீயத்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீற்றர் நீளத்துக்கு இடப்பட்ட புகையிரதப் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுடன், மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் பெருந்தொகையாக மாண்டனர். போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயரோடு பேணப்படுகின்றன. அத்தொழிலாளருட் பெரும்பாலோர்க்குக் கல்லறையுமில்லை. அவர் எழுதிய கடிதங்களுமில்லை. கடிதம் எழுதத் தெரிந்தவனின் துயரே வரலாற்றில் எளிதில் இடம்பெறுகின்றது என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகின்றது. இலங்கையும் 1942 ஏப்ரில் 5 இல் கொழும்பிலும், ஏப்ரில் 9 இல் திருகோணமலையிலும் யப்பானிய விமானத் தாக்குதலுக்குள்ளாயிற்று. எனினும் 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் இலங்கையின் சார்பிற் பேசிய நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா, யப்பானிடம் நட்டஈடு கோரப் போவதில்லையென அறிவித்தார். அது ஓர் அரசின் விட்டுக்கொடுப்பு. பாதையோரத்தில் மடிந்தவர் சார்பில் விட்டுக்கொடுக்கும் உரிமை எவருக்கு உண்டென்பது வேறு வினா.

இக்குறைகள் படத்தின் மதிப்பை இல்லாதாக்குவன அல்ல. ஒரு தீவின் முப்பத்தாறு நாட்களைக் காட்டும் படம் ஒரு பேரரசின் முழு வரலாற்றையும் காட்டல் இயலாது. ஆனால், படத்தைப் பார்ப்பவன் அதனையே முழு வரலாறாகக் கொள்ளாதிருத்தல் வேண்டும். சைகோவை மனிதனாக ஏற்றுக்கொள்வதற்கு நாஞ்சிங்கை மறக்கவேண்டியதில்லை. மறுபுறத்தில், நாஞ்சிங்கை நினைப்பதற்காகச் சைகோவின் மனைவியின் கண்ணீரைப் பொய்யென்று கூறவேண்டியதுமில்லை. இரண்டையும் ஒருங்கே தாங்கும் மனப்பக்குவமே வரலாற்று மாணவனுக்கு வேண்டப்படுவது.

ஒரு சொல்லின் வரலாறு

1945 மார்ச் 16 இல் குரிபயாசி தலைமைப் பீடத்துக்குத் தம் இறுதித் தந்தியை அனுப்பினார். வழக்கத்தை ஒட்டி அதன் முடிவில் விடைபெறுங் கவிதைகளும் இணைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றில், நாட்டுக்குரிய பெருங்கடமையை நிறைவேற்ற இயலாது, அம்பும் குண்டும் தீர்ந்து உதிர்ந்துபோவதை அவர் ‘துயரமானது’ என்ற பொருள்படும் ஒரு சொல்லாற் குறிப்பிட்டிருந்தார். அம்மாதத்திலேயே அது செய்தித்தாள்களில் வெளிவந்தபோது அச்சொல் நீக்கப்பட்டு, ‘மனக்குறையானது’ என்ற கருத்துடைய வேறொரு சொல் இடப்பட்டிருந்தது. தளபதியொருவர் சாவைத் துயரமெனக் கூறுதலை அரசு பொறுக்கவில்லை. தோல்வி பற்றிச் சினங்கொள்ளலாம். மடிவோருக்காகத் துயருறலாகாது என்பதே அம்மாற்றத்தின் பொருள். எழுத்தாளர் ககெஹாஷி குமிக்கோ 2005 இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தை எடுத்துக்காட்டி, அச்சொல்லையே நூலின் பெயரிலும் அமைத்தார். 1994 இல் இவோ ஜீமாவுக்குச் சென்ற அக்கிஹித்தோச் சக்கரவர்த்தி அங்கு மடிந்தோரை நினைந்து இயற்றிய கவிதையிலும் அதே சொல் இறுதியில் இடம்பெற்றமையை அவர் சுட்டிக்காட்டினார். அரசு அழித்த சொல் மீண்டும் வழக்கில் வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது.

குரிபயாசியின் முடிவு எவ்வாறு நேர்ந்ததென்பது திட்டமாகத் துணியப்படவில்லை. மார்ச் 26 அதிகாலையில் இறுதித் தாக்குதலை அவர் தாமே முன்னின்று நடத்தினாரெனக் கொள்ளப்படுகின்றது. பதவிச் சின்னங்களை அகற்றியிருந்தமையால் அவரது உடல் அடையாளங் காணப்படவேயில்லை. படத்தில் காட்டப்படும் அவரது மரணம் கற்பனையேயாம். அவருடன் மடிந்தோருள் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் இன்னமும் மீட்கப்படாது அம்மண்ணுள்ளேயே கிடக்கின்றன. 1968 வரை அமெரிக்க நிருவாகத்தின்கீழ் இருந்த தீவு யப்பானிடம் மீளக் கையளிக்கப்பட்டபோதிலும், அங்கு பிறந்து 1944 இல் வெளியேற்றப்பட்ட குடிமக்கள் மீளக் குடியேற அனுமதிக்கப்படவில்லை. இறந்தோரை நினைவுகூரவும் முன்னோர் கல்லறைகளை வணங்கவுமே அவர்களும் அவர்தம் வழிவந்தோரும் இடையிடையே அங்கு சென்று மீள்கின்றனர். 2007 இல் யப்பானிய அரசு தீவின் பெயரை, அக்குடிமக்கள் முன்னர் வழங்கியவாறு ‘இவோ தோ’ என மாற்றியது. ஊர் திரும்பவில்லையாயினும் ஊரின் பெயர் திரும்பியது.

முடிவுரை

ஈஸ்ற்வூட்டின் படம் 2005 இல் ஆய்வாளர் குகையொன்றைத் தோண்டுவதாகத் தொடங்கி, அங்கு புதைக்கப்பட்டிருந்த கடிதப்பொதி வெளிப்படுவதோடு முடிவடைகின்றது. எரித்துவிடுமாறு கட்டளையிடப்பட்ட கடிதங்களை எரிக்காது மண்ணிற் புதைத்தவன் சைகோ. பொதியிலிருந்து அவை சொரிய, எழுதியவர்களின் குரல்கள் ஒன்றன்மேலொன்றாக ஒலிக்கின்றன. இக்காட்சி கற்பனையேயெனினும் அது கூறும் உண்மை பெரிது. வெற்றியும் தோல்வியும் அரசுகளுக்குரியன. அஞ்சல் சேராத கடிதம் வீட்டிலிருப்பவர்க்குரியது. மகன் எவ்விடத்தில், எவ்வாறு இறந்தான் என்பதை அறியவும், அவனது எலும்பையேனும் பெறவும், அவனுக்காக வெளிப்படையாக அழவும் ஒரு தாய்க்குள்ள உரிமை, அவன் எந்தக் கொடியின்கீழ் நின்றான் என்பதைப் பொறுத்ததன்று.

குற்றமிழைத்த ஆட்சியை வரலாறு மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வாட்சியாற் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டு மீளாதவர்களைக் குறித்துத் துயரம் என்ற சொல்லை எவரும் அழித்துவிடலாகாது. 1945 இல் ஓர் அரசு அச்சொல்லை அழித்தது. ஆறு தசாப்தங்களின் பின் முன்னைநாட் பகைவர் நாட்டைச் சேர்ந்த ஒருவர், அச்சொல்லுக்குரியவர்களை அவர்தம் மொழியிலேயே பேசவிட்டார். தோற்றவர் நோக்கில் யுத்தத்தைக் காண்பதன் பயன் அதுவே எனலாம்.